ஒரே கடவுச்சொல்

தேடும் பெட்டியைத் தொட்டதும் கீழே ஒரு வரி விழுந்தது.

'வேலை நேரத்தில் தூக்கம், பணிநீக்கம் சரியே.'

அவள் அதைத் தேடவில்லை. அவள் தொழிலாளி தரப்பு வக்கீல். அதைத் தேடவும் மாட்டாள்.

நிமிர்ந்து பார்த்தாள். தொழிலாளர் நீதிமன்றத்தில் நீதிபதி இன்னும் வந்து உட்காரவில்லை. எதிர் வரிசையில் மில்லின் வக்கீல் தயாபரன் செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்.

தீர்ப்புகளைத் தேடித் தரும் அந்தச் செயலிக்குச் சந்தா அதிகம். கேன்டீனில் வடை தின்றுகொண்டே பேசி, இருவரும் கூட்டாக வாங்கியிருந்தார்கள். ஒரே கடவுச்சொல். ஒருவர் உள்ளே போனால் மற்றவரை வெளியே தள்ளிவிடும். யார் எதைத் தேடினாலும் பெட்டிக்குக் கீழே இருவருக்கும் தெரியும்.

ஒரே வழக்கில் எதிரும் புதிருமாக நிற்க வேண்டிவரும் என்று வடை தின்றபோது தோன்றவில்லை.

அவள் பக்கத்தில் முருகாத்தாள். நூல் மில்லில் டபுள் ஷிஃப்ட் பார்த்து, மெஷின் ஓரமாக உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவள். வேலை போய்விட்டது. பணம் வேண்டாம், அந்த வேலைதான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

'முன்பு ஒரு தவறும் செய்யாதவர்' என்று தட்டினாள் வக்கீல்.

தயாபரனின் தலை நிமிர்ந்தது. அவளைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்தார்.

'மில்லில் முறையான விசாரணை நடந்திருந்தால்?'

கேள்விக்குறி வேறு. ஒருவரை ஒருவர் வெளியே தள்ளித் தள்ளியே தட்டினார்கள்.

'விசாரித்தவர் மேனேஜரின் மைத்துனர்.'

செயலி சுற்றிச் சுற்றி யோசித்தது. முடிவுகள் இல்லை, வேறு சொற்களில் தேடிப் பாருங்கள் என்றது.

'ஆதாரம்?'

'மேனேஜர் மகளின் கல்யாணப் பத்திரிகை. தாய்மாமன் பெயரைப் பார்க்க.'

முடிவுகள் இல்லை. வேறு சொற்களில் தேடிப் பாருங்கள்.

அந்தப் பத்திரிகையை மேனேஜரே மில் முழுக்கக் கையில் கொடுத்திருந்தார். முருகாத்தாள் பாப்பா கல்யாணத்துக்குப் போய் மொய்யும் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

தயாபரன், பக்கத்திலிருந்த மேனேஜரின் காதில் ஏதோ கேட்டார். மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

'இழப்பீடு கொடுத்து அனுப்பிவிடுதல்.'

பதிலைத் தட்டுவதற்குள் வக்கீலின் விரலுக்குக் குறுக்கே இன்னொரு விரல் வந்தது. முருகாத்தாள். இவ்வளவு நேரமும் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

'எனக்கு அந்த மிசின்தான் வேணும். டபுள் சிப்ட் போடக்கூடாது.'

நிறுத்தினாள். யோசித்தாள். சேர்த்தாள்.

'பாப்பா நல்லாருக்குதுங்களா'

எதிர் வரிசையில் தயாபரன் போனை அப்படியே மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு ஒற்றை விரலால் அவரே தட்ட ஆரம்பித்தார்.

இந்தப் பக்கத்தைச் செயலி வெளியே தள்ளியது.

நீதிபதி வந்தார். டவாலி முதல் வழக்காக இவர்களுடையதைக் கூப்பிட்டார்.

சமரசம் பேசினீர்களா என்று நீதிபதி கேட்டார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றாள் அவள். தயாபரனும் ஆமாம் என்றார். இருவரும் சொன்னது சத்தியம். ஒரு தீர்ப்பைத் தேடிக்கொண்டிருக்கிறோம், வழக்கைக் கொஞ்சம் தள்ளி எடுங்கள் என்று சேர்ந்தே கேட்டார்கள்.

இரண்டு தரப்பும் இவ்வளவு ஒற்றுமையாகத் தேடுகிற தீர்ப்பு எது என்று நீதிபதிக்குப் புரியவில்லை. சரி என்றார்.

மேனேஜரின் விரல் நின்றது.

அவள் உள்ளே போனாள். போனை முருகாத்தாளிடமே கொடுத்தாள்.

'திங்கட்கிழமை வேலைக்கு வரவும். அதே மெஷின். பகல் ஷிஃப்ட் மட்டும். பாப்பா மாசமா இருக்குது.'

கீழே, வழக்கம்போல. முடிவுகள் இல்லை. வேறு சொற்களில் தேடிப் பாருங்கள்.

முருகாத்தாள் உதட்டசைத்து அதையும் படித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற சொல்லெல்லாம் வேண்டாங்க," என்றாள் செயலியிடம். "போட்டது போட்டபடியே இருக்கட்டும்."