அறுபதில் வரும் நடுக்கம்

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வீட்டை ஒட்டிய கார் கொட்டகை. வாசல் வழியே வரும் சாய்வெயிலில் புகை நீலமாகத் தெரிகிறது. 1966ஆம் வருடத்துக் காரின் பின்பக்கம் ஸ்டாண்டுகளின் மேல் நிற்க, சக்கரங்கள் அந்தரத்தில் சுழல்கின்றன. உள்ளே மார்லிஸ் ஆக்சிலேட்டரை அழுத்தி வேகமானி முள்ளை அறுபது மைலில் பிடித்திருக்கிறாள். அவள் கணவன் வெர்லின் காருக்குப் பக்கத்தில் தரையில் குப்புறப் படுத்து, என்ஜினிலிருந்து பின்சக்கரங்களுக்குப் போய் அடியில் சுற்றும் ஷாஃப்ட்டின் மேல் டார்ச் அடிக்கிறான். சாலையில் அறுபதைத் தொட்டதும் இருக்கை, கண்ணாடி, பல் எல்லாம் நடுங்கும். டயரை மாற்றினான், ஜாயிண்டை மாற்றினான், ஷாஃப்ட்டையே மாற்றினான், நடுக்கம் போகவில்லை. இங்கே அதே அறுபதில் டாஷ்போர்டில் வைத்த காபி சலனமில்லாமல் இருக்கிறது.

"ஆடுதா?" என்று கத்துகிறான் வெர்லின்.

"இல்லப்பா. இவ்ளோ நேரம் ரோட்ல ஓடிருந்தா டுலூத்தே தாண்டியிருப்போம்."

அவன் சிரிக்கவில்லை. நாளை டுலூத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு இந்தக் காரில்தான் போக வேண்டும் என்று குளிர்காலம் முழுக்கச் சொல்லிவந்தவன் அவன். "இன்னொரு தடவை ரோட்ல ஓட்டிப் பாத்துடலாம், மார்லிஸ்."

"போன தடவை ஆடுனதுக்கே கழுத்து இன்னும் வலிக்குது. நான் பஸ்ல போறேன். நீ வந்தா வா."

கியரை நியூட்ரலுக்கு மாற்றி, என்ஜினை அணைத்து, இறங்கி வீட்டுக்குள் போகிறாள். சத்தம் அடங்கிய பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தளர்ந்து வரும்போது வெர்லின் டயரின் மேல் உள்ளங்கையை வைக்கிறான். துளி நடுக்கமும் இல்லாமல் வழவழவென்று ஓடி, கைக்குள்ளேயே நிற்கிறது.