அடுப்பு எரியாத வீடு

வீடிழப்போர் காப்புத் திட்டத்தில் கிடைத்த வீட்டில் தினமும் நண்பகலுக்குள் அடுப்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் அங்கே யாரும் குடியில்லை என்று, வீட்டைக் கண்காணிக்கும் பேசும் சுவர் முடிவுகட்டி, காத்திருப்போர் வரிசையில் அடுத்தவருக்குக் கதவைத் திறந்துவிடும். நியாயமான சுவர்.

அமுதவல்லியின் கணவன் அன்று காலையில் செத்துப்போனான். உடல் கூடத்தில் கிடந்தது.

"எழவு வீட்டுல நாம அடுப்பு மூட்டுறது உண்டா?" என்றாள் நாத்தனார். "என் தம்பி ஆவி சும்மா விடாது."

"மூட்டலேன்னா, அவரைத் தூக்குறதுக்கு முன்னாடி நம்மளத் தூக்கிருவாங்க, மதினி."

நண்பகல் நெருங்கியதும், வரிசையில் அடுத்தவள் என்று சுவர் அழைத்த ரெஜினா, பாத்திர மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக வாசலில் வந்து நின்றாள். கூடத்தைப் பார்த்தாள். மூட்டையை இறக்கினாள்.

"நீங்க உக்காருங்கக்கா. வெளியாளு மூட்டுனா தோசமில்ல."

அவளே அடுப்பைப் பற்றவைத்துக் கடுங்காப்பி போட்டாள். வீடு அமுதவல்லிக்கே என்றது சுவர். பிறகு ரெஜினாவிடம் பேசியது:

"சமைக்க உங்களுக்கு அடுப்பு இருப்பது தெரியவந்துள்ளது. காத்திருப்போர் வரிசையிலிருந்து உங்கள் பெயர் நீக்கப்படுகிறது. வாழ்த்துகள்."

அமுதவல்லியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாத்தனார் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை பத்தாது என்றாள்.