இரண்டாவது ஓட்டுநர்

“என் வண்டியை இடிச்சது நீங்கதானே?”

உள்ளேயிருந்து வந்த பெண் கேட்டில் வைத்த கையை எடுக்காமல் நின்றாள். வாசலில் கட்டியிருந்த துணிக்கொடிக்குக் கீழே தலை தட்டாமல் குனிந்து வந்தவள், நல்ல உயரம். வெளியே நின்ற தச்சர் சட்டைப் பையிலிருந்த படிவத்தை எடுத்து, அதிலிருந்த பெயரை வாசித்து, “இது நீங்கதானே?” என்று கேட்டார்.

“ஆமா, நான்தான். நீங்க யாரு?”

“கேம்பர் வேன்காரன். இப்ப ஞாபகம் வருதா?”

அவள் தெரியாதவள்போலப் பார்த்ததில் தச்சருக்குக் கோபம் ஏறியது. பழைய வேன் ஒன்றை வாங்கி, மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, இழுப்பறை என்று இரண்டு வருடம் தன் கையாலேயே இழைத்து இழைத்துச் செய்தவர் அவர். திரைச்சீலை மட்டும் அவர் மனைவி தைத்தது. அந்த வண்டியின் ஒரு பக்கம் இப்போது வாய் பிளந்து கிடக்கிறது.

“உங்க வீட்டுக்காரர் என்னமா பேசினாரு தெரியுமா? எடுத்த எடுப்புல அண்ணேன்னாரு. எங்க வீட்டுல உக்காந்து டீ குடிச்சாரு. அந்த இழுப்பறையை நாலு தடவை திறந்து மூடி, ‘அண்ணே, இது கையா மெஷினா’ன்னு கேட்டாரு. நானும் உருகிப்போயி சாவியைத் தூக்கிக் குடுத்துட்டேன்.”

“வீட்டுல அவர் இல்லீங்க. ஆபீஸ் போயிருக்காரு.”

“தெரியும். நாலு நாளா என் போனையும் எடுக்கல. அதான் உங்களைத் தேடி வந்தேன்.”

தச்சர் படிவத்தைக் கேட்டின் மேல் விரித்து வைத்தார். சொந்த உபயோகத்துக்கு எடுத்த இன்ஷூரன்ஸ், வண்டியை வாடகைக்கு விட்டால் செல்லாது. அது தெரிந்துதான் அவள் வீட்டுக்காரருக்கு வாடகைக்கு விட்ட மூன்று நாளைக்கென்று தனியாக ஒரு பாலிசி எடுத்திருந்தார். ஆனால் அதிலும் ஒரு கிடுக்கிப்பிடி இருந்தது. பெயரும் லைசன்ஸ் எண்ணும் படிவத்தில் உள்ளவர் ஓட்டினால்தான் அது செல்லும்.

“இங்க பாருங்க. முதல் ஓட்டுநர், உங்க வீட்டுக்காரர். நம்பர் இருக்கு. இரண்டாவது ஓட்டுநர், உங்க பேரு. உறவு, மனைவி. நம்பர் மட்டும் காலி. ‘அப்புறமா அனுப்புறேண்ணே’ன்னாரு. அடுத்தவர் வீட்டுப் பொண்ணோட லைசன்ஸைக் குடைஞ்சு கேக்கறது மரியாதை இல்லைன்னு நானும் விட்டுட்டேன். என் வீட்டுக்காரி அதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்னை வறுத்தெடுக்கிறா.”

அவள் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். “எந்தக் கிழமை?” என்று மெல்லக் கேட்டாள்.

தச்சருக்குச் சிரிப்புதான் வந்தது. இடித்தவளுக்கு இடித்த நாள் தெரியாதாம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“போன சனிக்கிழமை. பெட்ரோல் பங்க்ல பின்னால ஒடிச்சு எடுக்கும்போது ஒரு பக்கத்தைச் சக்கரத்தோட தூண்ல இடிச்சு நசுக்கிட்டீங்க. அங்க கேமரா இருக்கு. ஓட்டினது ஒரு பொம்பளைன்னு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரனே சொல்லிட்டான், மூஞ்சிதான் சரியா விழலையாம். ஏன், சீட்டைப் பாத்தாலே தெரியுதே. ஸ்டீரிங்கோட ஒட்ட இழுத்து வச்சிருந்தீங்க, என் முட்டி உள்ள நுழையல.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். படிவத்தில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

“அவர் வேற என்ன சொன்னாரு?”

“உங்களைப் பத்தியா? அதையேன் கேக்குறீங்க. வண்டியைக் கட்டி இழுத்துட்டுத் தனியா வந்தாரு. நீங்க எங்கன்னு கேட்டேன். ‘பாவம், அழுது அழுது ஓய்ஞ்சுட்டா, முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவகிட்ட மட்டும் இதைப் பத்திப் பேசிடாதீங்கண்ணே, தாங்க மாட்டா’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பெண்டாட்டி மேல இவ்வளவு பாசமான்னு எனக்கே கண் கலங்கிடுச்சு.”

அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

தச்சர் தடுமாறிப்போனார். நம்ப வைத்துக் கழுத்தறுத்தவர்களை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போகத்தான் வந்தார். ஒரு பெண்ணை அழ வைப்பது அவர் கணக்கில் இல்லை. குரல் தானாக இறங்கியது.

“அழாதீங்கம்மா. இடிக்கிறது யாருக்கும் நடக்கிறதுதான். நான் அதுக்குக் கோவிக்கல. ஓட்டினவங்களோட லைசன்ஸைத் திங்கட்கிழமைக்குள்ள குடுத்தா ஒரு வழி பாக்கலாம்னு கம்பெனில சொல்றாங்க. இல்லேன்னா என் ரெண்டு வருஷ உழைப்பைக் காயலான் கடைக்குத்தான் தள்ளணும். லைசன்ஸை மட்டும் குடுத்துடுங்க. உங்க வாசல் பக்கமே வர மாட்டேன்.”

அவள் எழுந்தாள். படிவத்தை மடிப்புக் கலையாமல் மடித்து அவரிடமே நீட்டினாள்.

“பேரு என்னோடதுதான். எழுதியிருக்கிற கையும் அவரோடதுதான்” என்றாள். “ஆனா எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க.”