சிறு சம்பவம்

“கை ஒடிஞ்சது சின்ன விஷயமா அண்ணி?”

டோர்கஸ் கேட்டதற்கு மேவிஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அறிக்கைத் தாளின் தலையில் இரண்டு கட்டங்கள். பெரிய சம்பவம், சிறு சம்பவம். டோர்கஸ் பெரியதில் போட்டிருந்த குறியை மேவிஸ் அடித்துவிட்டுச் சிறியதில் ஒரு குறி போட்டாள்.

படகேறி ஆஸ்திரேலியாவுக்குப் போகப் பார்த்தவர்களை அந்த நாட்டு அரசு நவ்ரு தீவில் கொண்டுவந்து அடைத்திருந்தது. முகாமை நடத்தியது ஒரு கம்பெனி. அதில் பெண்கள் பகுதிக்கு டோர்கஸ் காவல். அவளுடைய அண்ணன் மனைவி மேவிஸ், அலுவலகத்தில் குமாஸ்தா.

அன்று காலை மாத்திரை வரிசையில் நின்றிருந்த பரீசா என்ற ஈரானியப் பெண்ணின் கையை மேற்பார்வையாளர் கிரெய்க் முறுக்கி ஒடித்தபோது, டோர்கஸ் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள்.

“கண்ணால பார்த்தேன் அண்ணி. படக்னு சத்தம் கேட்டுச்சு.”

“எந்தக் கை?”

“இடது கை.”

“எழுதலையே நீ. எழுது. மணி எத்தனைன்னு போடு. அந்த ஆளு பேரை முழுசா எழுது.”

“முழுசா எழுதி என்ன? சின்ன விஷயம்னுதானே அனுப்பப்போறீங்க!”

“பெரிசுன்னா மேனேஜர் மேசைக்குப் போகணும். அவருக்கு ஆயிரம் வேலை. சின்னதுன்னா சாயங்காலம் நானே மொத்தமா அனுப்பிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்.”

“மேனேஜருக்குத் தொந்தரவு கூடாது! நல்லா இருங்க அண்ணி. உங்களுக்கு ஏசி ரூமே குடுப்பாரு.”

“குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறேன்? அடுத்த தாளைக் குடு.”

அதோடு பேச்சு நின்றது.

மேவிஸ் கொடுத்தனுப்பிய தேங்காய்ப்பால் மீன் மூடி திறக்காமலே திரும்பிப் போனது. சர்ச்சில் டோர்கஸ் வேறு பெஞ்சுக்கு மாறினாள். ‘சின்னவிஷயம் மேவிஸ்’ என்று அவள் வைத்த பெயர் சுற்றளவு இருபது கிலோமீட்டர்கூட இல்லாத தீவை ஒரே வாரத்தில் சுற்றி வந்துவிட்டது.

ஆனாலும் டோர்கஸ் எழுதுவதை நிறுத்தவில்லை. அடி, உதை, தலைமுடியைப் பிடித்து இழுத்தது, எல்லாம் எழுதினாள். மேவிஸும் சின்னக் கட்டத்தில் குறி போடுவதை நிறுத்தவில்லை.

மூன்று வருடம் கழித்து, முகாமில் ஒருவர் அடிபட்டுச் செத்த பிறகுதான், வெளியே சத்தம் கிளம்பியது. டிவியில் ஆஸ்திரேலிய அமைச்சர் சொன்னார்: “அங்கே வன்முறை நடந்ததாக எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் சும்மா இருந்திருப்போமா?”

ஒரு விசாரணைக் குழு தீவுக்கு வந்தது.

 சொல்ல வேண்டியதை டோர்கஸ் ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

“எல்லாத்தையும் நான் எழுதிக் குடுத்தேன். சின்ன விஷயம்னு போட்டு அமுக்கினது மேவிஸ். என் சொந்த அண்ணிதான். அவங்களை விடாதீங்க.”

குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கோப்புகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று ஒல்லி, ஒன்று தடி.

“இது பெரிய சம்பவங்கள். முகாம் திறந்த முதல் ரெண்டு மாசம் வந்தது. மேனேஜர் கைக்குப் போய், ‘திருத்தி’ அனுப்பினது. மொத்தம் இருபத்தாறு. இருபத்தாறு பேரும் ஈரத் தரையில வழுக்கி விழுந்திருக்காங்க.”

“ஈரத் தரையா? குளிக்கவே தண்ணி கிடையாதே மேடம் எங்க முகாம்ல!”

“நாங்களும் அதைத்தான் கேட்டோம்.” தடிக் கோப்பைத் திறந்தார். “இது சிறு சம்பவங்கள். மேனேஜர் கண்ணுல படாம, உங்க அண்ணி நேரா அமைச்சகத்துக்கு அனுப்பினது. ஆயிரத்து நூத்திப் பதினாலு. அங்கேயும் ஒருத்தரும் படிக்கலை. ஆனா ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு, ‘கிடைத்தது’ன்னு பதில் அனுப்பியிருக்காங்க.”

ஒரு தாளை எடுத்துப் படித்தார். “‘இடது கை. காலை ஒன்பது இருபது. மேற்பார்வையாளர் கிரெய்க்.’ நீங்க எழுதினதுதானே?”

“ஆமா.”

“ஒரு எழுத்துகூட மாறலை. இனிமே அமைச்சர் தெரியாதுன்னு சொல்ல முடியாது. தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்கன்னுதான் கேட்கணும்.”

முந்தின வருடம் பரீசா வேறு நாட்டுக்குக் கிளம்பிய அன்று, அவள் பையை டோர்கஸ்தான் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அந்த இடது கை அதற்குப் பிறகு நேராகவே இல்லை.

டோர்கஸ் வெளியே வந்தபோது, தன் முறைக்காக மேவிஸ் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஏன் அண்ணி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“உங்கிட்டயா? ஒரே வாரத்துல தீவு முழுக்க எனக்குப் பேரு வாங்கிக் குடுத்தவளாச்சே நீ!”

டோர்கஸ் பக்கத்தில் உட்கார்ந்தாள். “மூணு வருஷம் உங்க கையால ஒரு வாய் சாப்பிடலை. பேசாத பேச்செல்லாம் பேசிட்டேன். இதை எப்படி அண்ணி மறப்பீங்க?”

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். மேவிஸ் எழுந்து உடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“மறக்கறதாவது? எல்லாத்தையும் தேதியோட வச்சிருக்கேன். சிறு சம்பவத்துல.”