அலமாரிக்கு அடியில் மூன்றாம் பாகம்

கிரேக்க, ரோமானியப் பழம் நூல்களை ஆராய்கிறவர்களுக்கென்றே ஒரு நூலகம் இருந்தது. அங்கே ஓர் அலமாரியின் கால் கரையான் அரித்து ஒடிந்தபோது, ரோமாபுரிச் சரித்திரத்தின் மூன்றாம் பாகத்தை அதற்கு முட்டுக் கொடுத்தவர் அப்படியே மறந்துபோனார்.

தன்னை யாராவது படிக்கமாட்டார்களா என்று அது ஏங்கிக் கிடந்தது. ஒருநாள் ஒரு பெண் வந்து அந்தப் பாகத்தையே கேட்டாள்.

"அண்ணே, உன்னைத்தான் தேடுறாங்க! கொஞ்சம் நகர்ந்து தலையைக் காட்டேன்," என்று பதறியது அலமாரிக்கு அடியில் குடியிருந்த சுண்டெலி.

மூன்றாம் பாகத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆனால் நகர்ந்தால் மேலே இருக்கும் அத்தனை நூல்களும் சரிந்துவிடுமே. மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

தேடிக் களைத்தவள் போய்விட்டாள்.

மேல்தட்டில் கிரேக்க அகராதி அலுத்துக்கொண்டது: "மூன்றாம் பாகமாம்! இத்தனை வருஷமா இங்கதானே நிக்கிறோம். இருந்திருந்தா நம்ம கண்ணுல படாமலா போயிருக்கும்?"