ஆம்பின் மேல் ஒரு உள்ளங்கை

மத்தியான வெயில் கார் ஆடியோ கடை வாசலில் நிற்கும் டாக்சியின் திறந்த டிக்கிக்குள் சாய்வாக விழுகிறது. கையிலிருந்த காசில் பெரும்பங்கைப் புது வூஃபர் ஸ்பீக்கர் விழுங்கிவிட, டாக்சிக்காரருக்கு வாய்த்தது அதை இயக்க ஒரு பழைய ஆம்ப்ளிஃபையர்தான். அது கருகினால் இன்னொன்று வாங்க வழியில்லை, பாவம். பாட்டு அதிர்கிறது, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கிறது. கடை ஃபிட்டர் ஆம்பின் மேல் உள்ளங்கையை வைக்கிறார். "பத்து எண்ணுற வரைக்கும் கை சூடு பொறுத்துச்சுன்னா வூஃபரும் ஆம்பும் ஒத்துப்போகும்ணே." ஆறிலேயே கையை உதறுகிறார். ஸ்க்ரூ டிரைவரால் ஆம்பின் சத்தக் குமிழைப் பாதிக்குக் குறைத்து, சற்று ஆறவிட்டு, மறுபடி பாட்டைப் போட்டு எண்ணுகிறார். எட்டு, ஒன்பது, பத்து. கை அங்கேயே இருக்கிறது. "சத்தம் பாதியாப் போச்சே," என்கிறார் டாக்சிக்காரர். பின்சீட்டிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்க்கிறாள். "நம்ம வீட்லயும் நீங்க சத்தத்தைப் பாதியாக் குறைச்சப்புறம்தாங்க ஒத்துப்போச்சு." டாக்சிக்காரர் டிக்கியை அலுங்காமல் மூடுகிறார்.