ஐந்து ஒன்பதுகள்

ஜெமிமா அனுப்பிய எடை மென்பொருளின் புதிய வெர்ஷனை ஸ்ரீவைகுண்டத்து வாழைக்காய் மண்டிகளில் ஒரு கணினிகூட ஏற்றுக்கொள்ளவில்லை.

2.1 என்று எண் போட்டாள். ‘இதைவிடப் புதியது இங்கே இருக்கிறது’ என்றது கணினி. 3.0 என்றாள். அதே பதில்.

அந்த மென்பொருளில் ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. அவளுக்குத் தெரியாமல் புதியது எங்கிருந்து வரும்?

ஒரு மண்டிக் கணினிக்குள் இணையம் வழியாகப் புகுந்து பார்த்தாள்.

99999.

கார்த்திகேசன். பாளையங்கோட்டை அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன். போட்டிக் கம்பெனிக்குத் தாவும் முன் முகப்பில் அவள் பெயரை அழித்து, ‘உருவாக்கியவர்: கார்த்திகேசன்’ என்று போட்டு, இந்த எண்ணோடு அனுப்பிவிட்டுப் போயிருக்கிறான்.

பெரிய எண்தான் புதியது என்று கணினி நம்பும். சின்ன எண் எதுவும் இனி உள்ளே போகாது. அந்த முகப்பைக் காட்டித்தான் இன்று மாலை மண்டிக்காரர்களைத் தன் பக்கம் இழுக்கப் போகிறான்.

போன் போட்டாள். சிரித்தான்.

“ஏளா ஜெமிமா, ஒரு லட்சம்னு போட்டு அனுப்பு, ஏறிரும். பெறவு ஆயுசுக்கும் நான் விட்ட எடத்துலேர்ந்து எண்ணிக்கிட்டே கெட.”

“சாயங்காலம் மண்டிக்கு வருவேல்லா? வாலே.”

ஒரு லட்சம் என்றால் வேலை நடக்கும். அதுதான் அவளுக்கு எரிந்தது. அவன் எண்ணின் முதுகில் ஏறி அவள் எண்ண வேண்டுமா?

மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டி அனுப்பும் விதிகளை முதல் வரியிலிருந்து படித்தாள். மத்தியானச் சோறு ஆறிப்போனது.

கிடைத்தது. உடனே அனுப்பவில்லை. மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் மண்டியில் எல்லோரும் கூடி, கார்த்திகேசன் கணினிக்கு முன்னால் போய் நிற்கும்வரை பொறுத்திருந்து அனுப்பினாள். அவன் கண்ணெதிரே அவன் பெயர் போனது.

வழி இதுதான். வெர்ஷனுக்கு முன்னால் ஓர் எண்ணும் முக்காற்புள்ளியும் போடலாம்: 1:1.0. கணினி முதலில் அந்த முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதைத்தான் ஒப்பிடும். அங்கே எதுவும் போடாதவர்களுக்கு அதுவே ஒரு பூஜ்யம் வைத்துக்கொள்ளும். ஒன்று, பூஜ்யத்தைவிடப் பெரிது. அதோடு ஒப்பீடு முடிந்தது. அவனுடைய ஒன்பதுகளை அது படிக்கவே இல்லை.